ஞாயிறு வாசகங்களும் மறையுரையும்

"சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்" என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. அடுக்களைக்கு மட்டுமா இப்பழமொழி? மேடையேறிப் பேசுகிற எவருக்கும் இது பொருந்தும். ஞாயிறுதோறும் ஆலயத்தில் நாம் கேட்கும் மறையுரைக்கோ மிகமிகப் பொருந்தும். சில மறையுரைகள் வாரம் முழுவதும் நெஞ்சில் நின்று நம்மை வழிநடத்துகின்றன. வேறு சில, ஆலய வாயிலில் செருப்பை மாட்டும்போதே மறந்துபோகின்றன. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? பேசுகிறவரின் குரல்வளத்திலிருந்தா? இல்லை. அந்த வாரம் முழுவதும் அவர் சட்டியில் என்ன சேர்த்து வைத்தார் என்பதிலிருந்தே வருகிறது.

இவ்வாண்டு பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கு ஒரு பொறுப்புத் தரப்பட்டது. வெள்ளிக்கிழமைதோறும் காலை வழிபாட்டில், வரவிருக்கும் ஞாயிற்றுக்கிழமையின் வாசகங்களைப் பற்றி ஐந்து நிமிடம் சிந்தனை வழங்க வேண்டும் என்று எங்கள் ஞானோபதேச வகுப்புச் சகோதரி பணித்தார்கள். எதை எங்கிருந்து தொடங்குவது என்று விளங்கவில்லை. ஆகவே பங்குத்தந்தை அவர்களிடம் சென்று, "சாமி, நீங்கள் மறையுரையை எப்படித் தயாரிக்கிறீர்கள்?" என்று கேட்டோம். அவர் சொல்லிக் கொடுத்ததையும், நூல்களில் நாங்கள் படித்ததையும், செய்து பார்த்துக் கற்றதையும் இங்கே தொகுத்துத் தருகிறோம். அடுத்த ஆண்டு இப்பொறுப்பை ஏற்கப்போகும் தங்கையருக்கு இது பயன்படும் என நம்புகிறோம். நம் பள்ளியில் பயிலும் பிற சமயத் தோழியருக்கும் விளங்கும் வண்ணம் எழுத முயன்றிருக்கிறோம்.

மறையுரை என்றால் என்ன?

நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் 'பிரசங்கம்' என்றே சொல்கிறார்கள். பிரசங்கம் எந்தப் பொருளைப் பற்றியும் இருக்கலாம். மறையுரையோ அன்றைய திருப்பலியில் வாசிக்கப்பட்ட இறைவார்த்தையிலிருந்து பிறப்பது. அதற்குக் கிரேக்க மொழியில் 'ஹோமிலியா' என்று பெயர். 'உரையாடல்' என்பது அதன் பொருள். உயிர்த்த இயேசுவை அடையாளம் அறியாமல் எம்மாவு ஊருக்கு நடந்துபோன சீடர் இருவரும் வழியில் பேசிக்கொண்டே சென்றார்கள் அல்லவா? அந்தப் பேச்சைக் குறிக்க நற்செய்தியாளர் லூக்கா கையாளும் சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். துயரத்தோடு நடந்துபோகிறவர்களோடு சேர்ந்து நடந்து, மறைநூலை விளக்கி, அவர்கள் உள்ளத்தில் கனல் மூட்டுவதே மறையுரை.

இவ்வழக்கம் மிகப் பழமையானது. பாபிலோனிய அடிமைத்தனத்திலிருந்து திரும்பிய யூத மக்களுக்கு, எஸ்ரா என்னும் குரு மரமேடை மீது நின்று, காலை முதல் நண்பகல் வரை திருச்சட்ட நூலை வாசித்தார் என்றும், லேவியர் அதன் பொருளை விளக்கினர் என்றும் நெகேமியா நூல் கூறுகிறது. ஆடவரும் பெண்டிரும், கேட்டுப் புரிந்துகொள்ளக் கூடிய அனைவரும் அங்கே கூடியிருந்தனர். நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு எசாயாவின் சுருளேட்டை வாங்கி வாசித்துவிட்டு அமர்ந்து பேசியதும் இம்மரபின்படியே ஆகும். கி.பி. 155ஆம் ஆண்டளவில் உரோமை நகரில் எழுதிய புனித ஜஸ்டின், ஞாயிற்றுக்கிழமையன்று நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுவதையும், திருத்தூதரின் நினைவேடுகளோ இறைவாக்கினர் நூல்களோ வாசிக்கப்படுவதையும், பின்னர் தலைமை தாங்குபவர் அவற்றின்படி வாழ அறிவுரை கூறுவதையும் விவரித்துள்ளார். பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்தும் இந்த வரிசை மாறவில்லை என்பது வியப்பளிக்கிறது!

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, மறையுரை வழிபாட்டின் ஒரு பகுதியே என்று தெளிவாக்கியது. மக்கள் கூடும் ஞாயிறு மற்றும் கடன் திருநாள்களில் தகுந்த காரணமின்றி அதை விட்டுவிடலாகாது என்றும் கூறியது.

மூன்றாண்டுச் சுற்று

ஒவ்வொரு ஞாயிறும் எந்தப் பகுதியை வாசிப்பது என்பதைக் குருவானவர் தம் விருப்பப்படி தேர்ந்தெடுப்பதில்லை. உலகமெங்கும் அதற்கென ஓர் ஒழுங்கு உண்டு. சங்கத்திற்கு முன்பு ஞாயிறு வாசகங்கள் ஓராண்டுச் சுற்றாக இருந்தன. ஆண்டுதோறும் அதே பகுதிகள் திரும்பத் திரும்ப வந்தன. பழைய ஏற்பாட்டுப் பகுதிகள் ஞாயிறுகளில் அரிதாகவே வாசிக்கப்பட்டன. விவிலியத்தின் கருவூலத்தை மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறந்துவிட வேண்டும் என்று சங்கம் கேட்டுக்கொண்டது. அதன்படி 1969ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் புதிய வாசக ஒழுங்கு வெளியிடப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள், திருவருகைக் கால முதல் ஞாயிறன்று, அது நடைமுறைக்கு வந்தது.

இப்புதிய ஒழுங்கு மூன்றாண்டுச் சுற்றாகும். முதலாம் ஆண்டில் மத்தேயு நற்செய்தியும், இரண்டாம் ஆண்டில் மாற்கு நற்செய்தியும், மூன்றாம் ஆண்டில் லூக்கா நற்செய்தியும் தொடர்ச்சியாக வாசிக்கப்படுகின்றன. "யோவானுக்கு ஆண்டு இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். யோவான் நற்செய்தி தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் மிகுதியாக வருகிறது. மாற்கு நற்செய்தி அளவில் சிறியதாகையால், இரண்டாம் ஆண்டின் பொதுக்காலம் 17ஆம் ஞாயிறு முதல் 21ஆம் ஞாயிறு வரை ஐந்து வாரங்கள் யோவானின் ஆறாம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது.

இது எந்த ஆண்டு என்பதைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. ஆண்டின் எண்ணை மூன்றால் வகுக்க வேண்டும். மீதி இல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டு. மீதி ஒன்றானால் முதலாம் ஆண்டு. மீதி இரண்டானால் இரண்டாம் ஆண்டு. எடுத்துக்காட்டாக, 2025 மூன்றால் மீதியின்றி வகுபடும். எனவே அது லூக்காவின் ஆண்டு. 2026க்கு மீதி ஒன்று வருவதால் அது மத்தேயுவின் ஆண்டு. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். திருவழிபாட்டு ஆண்டு ஜனவரி முதல் நாளில் தொடங்குவதில்லை. அதற்கு முந்திய நவம்பர் இறுதியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ வரும் திருவருகைக் கால முதல் ஞாயிறே அதன் புத்தாண்டு.

நான்கு வாசகங்களும் ஒரு கயிறும்

ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகம், பதிலுரைப் பாடல், இரண்டாம் வாசகம், நற்செய்தி என நான்கு பகுதிகள் உள்ளன. மறையுரை தயாரிக்கிறவர் முதலில் அறிய வேண்டியது, இவை ஒன்றோடொன்று எவ்வாறு கட்டப்பட்டுள்ளன என்பதே.

பொதுக்கால ஞாயிறுகளில் முதல் வாசகம் பழைய ஏற்பாட்டிலிருந்து, அன்றைய நற்செய்திக்குப் பொருத்தமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். பதிலுரைப் பாடல் முதல் வாசகத்திற்கு மக்கள் தரும் மறுமொழி. ஆகவே இம்மூன்றுக்கும் இடையே ஒரு கயிறு ஓடுகிறது. இரண்டாம் வாசகமோ திருத்தூதர்களின் திருமுகங்களிலிருந்து வாரந்தோறும் தொடர்கதைபோல் தன் வழியே செல்வது. அதை மற்றவற்றோடு வலிந்து முடிச்சுப்போடத் தேவையில்லை. பாஸ்கா காலத்தில் முதல் வாசகம் திருத்தூதர் பணிகள் நூலிலிருந்து வரும். திருவருகை, தவம், பாஸ்கா ஆகிய காலங்களில் எல்லா வாசகங்களும் அக்காலத்தின் கருத்தை ஒட்டியே அமைந்திருக்கும்.

இதை அறியாமல் நான்கையும் ஒரே கருத்துக்குள் திணிக்க முயன்றால் பேச்சு சிக்கலாகிவிடும் என்று எங்கள் பங்குத்தந்தை எச்சரித்தார். "கயிறு எங்கே இருக்கிறதோ அங்கே பிடியுங்கள், இல்லாத இடத்தில் திரிக்காதீர்கள்" என்பது அவர் தந்த அறிவுரை.

ஒரு வாரத்து உழைப்பு

இனி, தயாரிக்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டோடு காண்போம். மூன்றாம் ஆண்டுப் பொதுக்காலம் 16ஆம் ஞாயிறை எடுத்துக்கொள்கிறோம். 2025ஆம் ஆண்டில் அது ஜூலை 20ஆம் நாள் வந்தது. முதல் வாசகம் தொடக்கநூல் 18ஆம் அதிகாரம்: மம்ரே என்னும் இடத்தில் ஆபிரகாம் மூன்று விருந்தினரை உபசரிக்கிறார். பதிலுரை, திருப்பாடல் 15. இரண்டாம் வாசகம் கொலோசையர் திருமுகம். நற்செய்தி லூக்கா 10: 38–42, மார்த்தா, மரியா சகோதரியரின் வீட்டிற்கு இயேசு வந்த நிகழ்ச்சி.

திங்கள்: வாசித்தல். நான்கு பகுதிகளையும் வாய்விட்டு இருமுறை வாசிக்க வேண்டும். முதல் நாளிலேயே விளக்கவுரைகளைத் தேடி ஓடக்கூடாது. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கீகோ என்னும் துறவி, வாசித்தல், சிந்தித்தல், செபித்தல், இறைவனில் இளைப்பாறுதல் என்னும் நான்கு படிகள் கொண்ட ஏணியைப் பற்றி எழுதினார். முதற்படியில் கால் வைக்காமல் மேற்படிக்குத் தாவ முடியுமா? நாங்கள் இந்நற்செய்தியை வட்டமாக அமர்ந்து வாசித்து, மனத்தில் நின்ற சொல்லை ஆளுக்கொன்றாகச் சொன்னோம். 'காலடி' என்றாள் ஒருத்தி. 'தனியே' என்றாள் மற்றொருத்தி. இயேசு மார்த்தாவின் பெயரை இருமுறை சொல்லி அழைத்ததைக் குறித்தாள் இன்னொருத்தி.

செவ்வாய்: முன்னும் பின்னும் பார்த்தல். ஒரு பகுதியை அதன் இடத்திலிருந்து பிய்த்தெடுத்தால் பொருள் மாறிவிடும். முந்திய ஞாயிறு நாம் கேட்பது நல்ல சமாரியர் உவமை. அங்கே, போய் அவ்வாறே செய்யும்படி இயேசு கட்டளையிடுகிறார். இந்த ஞாயிறு, அமர்ந்து கேட்டவளைப் பாராட்டுகிறார். அடுத்த ஞாயிறு, சீடருக்குச் செபிக்கக் கற்றுக்கொடுக்கிறார். செயல், செவிமடுத்தல், செபம் ஆகிய மூன்றையும் லூக்கா அடுத்தடுத்து வைத்திருக்கிறார். எனவே, 'செயலைவிட செபமே உயர்ந்தது' என்று இப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வது முறையன்று.

புதன்: சொல்லும் சூழலும் ஆராய்தல். இப்போதுதான் விளக்கவுரைகளைத் திறக்க வேண்டும். ஒருவரின் காலடியில் அமர்வது என்பது அக்காலத்தில் மாணாக்கர் அமரும் முறை. தாம் கமாலியேலின் காலடியில் கற்றதாகப் பவுலும் சொல்வதைத் திருத்தூதர் பணிகள் 22ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அப்படியானால், மரியா சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, மாணவியாக அமர்ந்திருக்கிறாள்! மார்த்தாவின் பணியைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'தியாக்கோனியா'. திருச்சபையின் திருப்பணியைக் குறிக்கவும் இச்சொல்லே பயன்படுகிறது. ஆகவே அவள் வேலை இழிவானதன்று. இயேசு அவள் கவலையையும் கலக்கத்தையுமே சுட்டிக்காட்டுகிறார். பெயரை இருமுறை அழைப்பது கண்டிப்பின் அடையாளமுமன்று. ஆபிரகாமும் மோசேயும் சாமுவேலும் சவுலும் அவ்வாறே அழைக்கப்பட்டவர்கள். இதே மார்த்தாதான் யோவான் 11ஆம் அதிகாரத்தில், சகோதரர் இலாசர் இறந்த துயரத்திலும், இயேசுவே மெசியா, இறைமகன் என்று அறிக்கையிடுகிறாள்.

முதல் வாசகத்தையும் இங்கேயே ஒப்பிட வேண்டும். ஆபிரகாம் ஓடுகிறார், சாரா மாவு பிசைந்து அப்பம் சுடுகிறாள், இளங்கன்று சமைக்கப்படுகிறது. விருந்தோம்பலே கயிறு என்பது விளங்குகிறது. ஆனால் விருந்தினர் உண்ட பிறகு, சாரா எங்கே என்று கேட்கிறார்கள்! கூடாரத்திற்குள் இருந்தவளைப் பற்றியே வாக்குறுதி தரப்படுகிறது. அடுப்படியில் இருக்கும் பெண்ணை இறைவன் மறப்பதில்லை.

வியாழன்: மக்களைப் பார்த்தல். 2013ஆம் ஆண்டு வெளியான 'நற்செய்தியின் மகிழ்ச்சி' என்னும் மடலில், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், மறையுரையாளர் இறைவார்த்தையைத் தியானிப்பதோடு தம் மக்களையும் உற்றுநோக்கித் தியானிக்க வேண்டும் என்று எழுதினார். நம்முன் அமர்ந்திருப்பவர் யார்? இரவுப்பணி முடித்து உறங்காமல் வந்தவர் இருக்கலாம். கடன்பட்டவர் இருக்கலாம். கணவரை இழந்தவர் இருக்கலாம். அவர்கள் வீட்டிற்கு எடுத்துச்செல்ல என்ன தரப்போகிறோம்?

இந்த இடத்தில் எங்களுக்குள் பெரிய விவாதம் எழுந்தது. எங்களில் பலர் விடியற்காலையில் எழுந்து, தண்ணீர் பிடித்து வைத்து, தம்பி தங்கையருக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறோம். அரசுத் தேர்வு முடிந்ததும், 'பெண்பிள்ளை படித்தது போதும்' என்னும் சொல் எங்களுள் சிலருக்காக வீட்டில் காத்திருக்கிறது. 'மரியா நல்லவள், மார்த்தா பொல்லாதவள்' என்று மறையுரையில் கேட்டால், விடியுமுன் எழுந்து உழைக்கும் எங்கள் அம்மாக்களின் மனம் என்ன பாடுபடும்? 'பெண்ணுக்குப் பணிவிடையே அழகு' என்று கேட்டாலோ, எங்கள் புத்தகப்பைகள் பரணுக்குப் போய்விடும் அல்லவா? ஐந்து வசனங்களை எப்படி விளக்குகிறோம் என்பதில் ஒரு பெண்ணின் மேற்படிப்பே அடங்கியிருக்கக்கூடும் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

"மார்த்தாவுக்கு யாராவது கைகொடுத்திருந்தால் அவளும் உட்கார்ந்து கேட்டிருப்பாளே!" என்றாள் எங்களுள் ஒருத்தி. எல்லோருக்கும் அது பிடித்துவிட்டது. ஆனால் எங்கள் சகோதரி ஒரு கோடு போட்டுக் காட்டினார்கள். "வசனம் சொல்வது எது, அதிலிருந்து நாம் எண்ணிப் பார்ப்பது எது என்பதைக் கேட்பவருக்குப் பிரித்துச் சொல்லுங்கள். உங்கள் கருத்தை இயேசுவின் வாயில் வைக்காதீர்கள்" என்றார்கள். எனவே, மரியா தேர்ந்துகொண்ட பங்கு அவளிடமிருந்து எடுக்கப்படாது என்பதை நற்செய்தியின் சொல்லாகவும், வீட்டு வேலையை அனைவரும் பகிர்ந்துகொண்டால் அம்மாவும் அமர்ந்து கேட்கலாம் என்பதை எங்கள் வேண்டுகோளாகவும் வைத்தோம்.

வெள்ளி: ஒரே வாக்கியம். சேர்த்தவை அனைத்தையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். முடியவில்லையென்றால் நமக்கே இன்னும் விளங்கவில்லை என்று பொருள். நாங்கள் எழுதிய வாக்கியம் இது: 'உழைப்பவளையும் ஆண்டவர் பெயர்சொல்லி அழைக்கிறார், கற்க அமர்ந்தவளை எழுப்பிவிட எவரையும் அவர் விடுவதில்லை.' இந்த வாக்கியத்தோடு ஒட்டாத நல்ல கருத்துகள் பல இருந்தன. அவற்றை வேறொரு நாளுக்கு ஒதுக்கிவைத்தோம். தைக்கும்போது வெட்டித் தள்ளும் துணியும் நல்ல துணிதான். அதற்காக அதையும் சட்டையில் சேர்த்துத் தைக்கலாமா?

சனி: எழுதுதல், குறைத்தல், பேசிப் பார்த்தல். தொடக்கம், நடு, முடிவு என மூன்று பகுதிகளாக எழுதினால் போதும். தொடக்கத்தில் கேட்பவரின் வாழ்க்கையிலிருந்து ஒரு கேள்வி. நடுவில் இறைவார்த்தையின் விளக்கம். முடிவில் அந்த வாரம் செய்யக்கூடிய ஒரு செயல். மறையுரை எட்டு நிமிடத்திற்கு மேற்படலாகாது, மேற்பட்டால் மக்கள் உறங்கிவிடுவர் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2024ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் பொதுச் சந்திப்பில் கூறினார். எங்கள் ஐந்து நிமிடத்திற்குப் பள்ளிக் குறிப்பேட்டில் சுமார் மூன்று பக்கம் போதுமானதாக இருந்தது. எழுதியதை விவிலியம் படித்தறியாத ஒரு தோழியிடம் முதலில் பேசிக் காட்டினோம். அவள் நெற்றி சுருங்கிய இடங்களிலெல்லாம் திருத்தினோம். அவளைவிடச் சிறந்த தேர்வாளர் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

குருவானவருக்கு ஞாயிறன்று மறையுரை. எங்களுக்கோ வெள்ளியன்று காலையிலேயே சிந்தனை. ஆகையால் இந்த ஆறு நாள் வேலையை நாங்கள் முந்திய சனிக்கிழமையே தொடங்கி வியாழனன்று முடித்துக்கொள்கிறோம். நாள்கள் மாறலாம், படிகளின் வரிசை மாறக்கூடாது.

தவிர்க்க வேண்டியவை

முதலாவது, இரவல் மறையுரை. இன்று கைப்பேசியைத் தொட்டால் ஆயத்த மறையுரைகள் எத்தனையோ வந்து விழுகின்றன. அவற்றைப் படிக்கலாம், தவறில்லை. அப்படியே ஒப்பிப்பது அடுத்த வீட்டுக் குழம்பை நம் வீட்டு விருந்தில் பரிமாறுவது போன்றதே. நம்முன் அமர்ந்திருப்பவரை அந்த எழுத்தாளர் பார்த்ததில்லையே!

இரண்டாவது, கதைமேல் கதை சொல்வது. ஒரு கதை விளக்குப் போன்றது. பல கதைகள் திருவிழாத் தோரணம் போன்றவை. தோரணத்தைப் பார்த்தவர் தேரைப் பார்க்க மாட்டார்.

மூன்றாவது, ஒருவரைக் குறிவைத்துத் திட்டுவது. பதில் பேச முடியாத இடத்தில் இருப்பவரை மேடையில் நின்று சாடுவது அறமாகாது.

நான்காவது, நமக்குச் சாதகமான வசனத்தை மட்டும் பொறுக்கிக்கொள்வது. வாசக ஒழுங்கு நம்மை இதிலிருந்து காக்கிறது. நாம் விரும்பாத பகுதியும் ஒருநாள் வந்தே தீரும்; அன்று அதைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும்.

வள்ளுவப் பெருந்தகையும் கேள்வி, சொல்வன்மை, அவையறிதல் என்று தனித்தனி அதிகாரங்கள் வகுத்திருக்கிறார். அவற்றுள் கேள்வியே முதலில் வருகிறது. பேசக் கற்குமுன் கேட்கக் கற்க வேண்டும் என்ற முறையும் அதுவே அன்றோ!

யார் மறையுரை ஆற்றலாம்?

திருப்பலியில் மறையுரை ஆற்றுவது குருவுக்கும் திருத்தொண்டருக்கும் உரியது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 767ஆம் பிரிவு கூறுகிறது. ஆயினும் சிறுவர் திருப்பலி பற்றி 1973ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட வழிகாட்டி ஒரு வாயிலைத் திறந்து வைத்துள்ளது. சிறுவரின் மனநிலைக்கு ஏற்பப் பேசுவது குருவுக்குக் கடினமாயிருந்தால், பங்குத்தந்தையின் இசைவோடு, வயதுவந்தோருள் ஒருவர் நற்செய்திக்குப்பின் சிறுவரோடு பேசலாம். மறையுரையைச் சிறுவரோடு கேள்வி-பதிலாக நடத்தவும் அது இடம் தருகிறது.

குருக்கள் எப்போதாவது மட்டுமே வரக்கூடிய சிற்றூர்களில் நம் தமிழ்நாட்டு உபதேசியார்கள் நெடுங்காலமாக ஞாயிறு வழிபாட்டை நடத்தி, மக்களுக்கு மறையை விளக்கி வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டவே 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலை இயற்றினார். காலை வழிபாடு, ஞானோபதேச வகுப்பு, அன்பியக் கூட்டம், இளையோர் இயக்கம், மரியாயின் சேனை என நாம் இறைவார்த்தையைப் பகிர்ந்துகொள்ள இன்று இடங்கள் பல உண்டு. 1995ஆம் ஆண்டு வெளிவந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம் எளிய தமிழில் நம் கையில் இருக்கிறது. இனி எதற்குத் தயக்கம்?

சொல்லுக்கு விலை உண்டு

மறையுரை வெறும் சடங்குப் பேச்சு என்று எண்ணுவோருக்கு வரலாறு விடையளிக்கிறது. 387ஆம் ஆண்டு அந்தியோக்கியா நகரில் வரிச்சுமையால் கொதித்தெழுந்த மக்கள், பேரரசரின் சிலைகளை உடைத்துத் தள்ளினர். பின்னர் பேரரசரின் தண்டனைக்கு அஞ்சி நகரமே நடுங்கியது. அந்தத் தவக்காலம் முழுவதும், 'பொன்வாய்' எனப் போற்றப்படும் புனித யோவான் கிறிசோஸ்தோம், இருபதுக்கு மேற்பட்ட மறையுரைகளால் அம்மக்களைத் தேற்றினார். அவர்கள் குற்றத்தையும் மறைக்காமல் எடுத்துரைத்தார்.

நம் காலத்திற்கு அண்மையில் வாழ்ந்தவர் எல் சால்வடோர் நாட்டுப் பேராயர் ஆஸ்கார் ரொமேரோ. அவருடைய ஞாயிறு மறையுரைகள் வானொலியில் ஒலிபரப்பாயின. அன்றைய வாசகங்களை விளக்கியபின், அந்த வாரம் நாட்டில் கொல்லப்பட்டவர், காணாமற்போனவர் பற்றியும் அவர் எடுத்துரைப்பார். 1980ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், தவக்கால 5ஆம் ஞாயிறு. பாவத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறிவோரிடமிருந்து இயேசு காத்த பகுதியே அன்றைய நற்செய்தி. அன்றைய மறையுரையில், மக்களைக் கொல்லும் அடக்குமுறையை நிறுத்துமாறு படைவீரர்களை அவர் வேண்டினார், கட்டளையிட்டார். மறுநாள் மார்ச் 24, திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்த வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2018ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். நாம் தூங்கி வழிந்து கேட்கும் அதே மூன்றாண்டுச் சுற்றின் வாசகங்கள்தாம் அவர் கையிலும் இருந்தன என்பதை எண்ணிப் பார்ப்போம்.

முடிவுரை

அன்புத் தோழியரே! மறையுரை என்பது பேசுகிறவரின் வேலை மட்டுமா? கேட்பவருக்கும் அதில் பங்கு உண்டு. சனிக்கிழமை மாலை பத்து நிமிடம் ஒதுக்கி, மறுநாள் வாசகங்களை வீட்டில் ஒருமுறை வாசித்துவிட்டு ஆலயத்திற்குச் செல்லுங்கள். அம்மாவையும் அழைத்து அருகில் அமரச் செய்யுங்கள். பாத்திரங்கள் சற்றே காத்திருக்கட்டும். பிறகு அனைவரும் சேர்ந்து கழுவலாம். உழுத நிலத்தில் விழும் விதைக்கும் பாறைமேல் விழும் விதைக்கும் உள்ள வேற்றுமையை ஞாயிறன்று நீங்களே காண்பீர்கள்.

பிற சமயத் தோழியருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கோவிலிலும் பள்ளிவாசலிலும் நடைபெறும் சொற்பொழிவுகளை இக்கண் கொண்டு கேட்டுப் பாருங்கள். பெரியோர் எழுதி வைத்ததை இன்றைய மனிதரின் வாழ்வோடு நேர்மையாக இணைப்பது எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான உழைப்பே.

எங்கள் வெள்ளிக்கிழமைச் சிந்தனைகள் இத்தேர்வு மாதத்தோடு நிறைவு பெறுகின்றன. வாசக நூலின் அடையாள நாடாவை நாங்கள் விட்ட பக்கத்திலேயே வைத்துச் செல்கிறோம். ஒன்பதாம் வகுப்புத் தங்கையரே, அடுத்த ஞாயிற்றின் வாசகம் அங்கே உங்களுக்காகக் காத்திருக்கிறது. முதலில் வாய்விட்டு வாசியுங்கள்!